இரண்டு பாக்டீரியாக்களை ஒன்றையொன்று நம்பி வாழ வைப்பது: குடுவையில் கூட்டு ஏன் நிற்பதில்லை?

லைசின்_தேடி

வணக்கம். எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம், கடைசி ஆண்டு. செயற்கை நுண்ணுயிர்க் கூட்டங்களில் ஒத்துழைப்பை உருவாக்குவதுதான் என் ப்ராஜெக்ட். கெய்யோ தொகுப்பிலிருந்து (ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு நீக்கிய இ.கோலை ரகங்களின் சேமிப்பு) இரண்டு ரகங்களை எடுத்திருக்கிறேன். ஒன்றில் லைஸ்ஏ மரபணு இல்லை, அதனால் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாது. இன்னொன்றில் லியூபி இல்லை, அதற்கு லூசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அமினோ அமிலம் எதுவும் இல்லாத, குளுக்கோஸ் சேர்த்த எம்9 ஊடகத்தில் தனித்தனியாக விட்டால் இரண்டும் வளர்வதில்லை. சேர்த்து விட்டால் வளர்கின்றன.

முதல் நாள் முழுக்கக் குடுவை கலங்கவே இல்லை. பிறகு ஓடி (OD, செல்கள் பெருகுவதைக் காட்டும் கலங்கல் அளவு) மெதுவாக ஏறியது. அதைப் பார்த்து ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எங்கள் துறை வழக்கப்படி தினமும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புது ஊடகத்தில் விட்டேன். ஒவ்வொரு மாற்றத்திலும் ஓடி குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றுமே வளரவில்லை. எண்ணிப் பார்த்தால் லூசின் தேவைப்படும் ரகம் மற்றதைவிடப் பத்து மடங்கு இருந்தது.

அது மற்றதை ஏமாற்றி அழித்துவிட்டது, வேறு மரபணுவை நீக்கிப் பார் என்கிறார் வழிகாட்டி. கூட்டு நிலைக்க எந்த மரபணுவை மாற்றலாம்?

நொதிமேடை

வாழ்த்துகள், தலைப்பு அருமை. மரபணுவைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நூறு மடங்கு நீர்த்தால், மறுநாள் பழைய அளவுக்கு வர 6.6 முறை இரட்டிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் அது நடக்க வேண்டுமென்றால் 3.6 மணிக்கு ஒரு முறை இரட்டிக்க வேண்டும். தனி இ.கோலைக்கு இது விளையாட்டு. ஆனால் உங்கள் ரகங்கள் பக்கத்து செல் தவறவிடும் லைசினையும் லூசினையும் பொறுக்கித் தின்று வளர்பவை. அந்த வேகம் அவற்றால் முடியாது. நீங்கள் ஊற்றிக் கொட்டும் வேகம் அவை வளரும் வேகத்தைவிட அதிகம், அவ்வளவுதான். ஓடி படிப்படியாகக் குறைந்தது அதற்கு அடையாளம்.

இன்னொன்று, உங்கள் குடுவையில் ஏமாற்ற ஆளே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. லைசின் ரகம் (லைசின் தேவைப்படுவது) செத்தால் லூசின் ரகமும் (லூசின் தேவைப்படுவது) சாகும். ஒன்று பத்து மடங்கு இருப்பதால் அது ஏமாற்றுக்காரன் ஆகிவிடாது. எது தாராளமாகக் கிடைக்கிறதோ அதைத் தின்னும் ரகம் அதிகமாக இருக்கும். உங்களிடம் லூசின் ஓரளவு கிடைக்கிறது, லைசினுக்குத்தான் பஞ்சம்.

உடனே செய்யக்கூடியவை சில. எல்பி என்ற சத்தான ஊடகத்தில் வளர்த்த செல்களைக் கலக்கும் முன் எம்9-ல் நன்றாகக் கழுவுங்கள். எல்பியில் அமினோ அமிலங்கள் ஏராளம், கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் முதல் சில இரட்டிப்புகளைக் கூட்டின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். நூற்றில் ஒன்றை விட்டுவிட்டு ஐந்தில் ஒன்றாக நீர்த்துப் பாருங்கள். அப்புறம் எப்படி எண்ணினீர்கள் என்று சொல்லுங்கள். கெய்யோவில் நீக்கிய மரபணுவின் இடத்தில் கனமைசின் எதிர்ப்பு இருக்கும், எனவே அந்த மருந்தை வைத்து உங்கள் இரண்டு ரகங்களைப் பிரிக்க முடியாது.

லைசின்_தேடி

நன்றி அக்கா. எம்9-உடன் லைசின் மட்டும் சேர்த்த தட்டு ஒன்று, லூசின் மட்டும் சேர்த்த தட்டு ஒன்று. முதலாவதில் லைசின் ரகம் மட்டும் வரும், இரண்டாவதில் லூசின் ரகம். அப்படித்தான் எண்ணினேன்.

நொதிமேடை

சரியான முறைதான். தட்டில் காலனிகள் நெருக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருங்கினால் வளரக்கூடாத ரகமும் பக்கத்துக் காலனி கசியவிடுவதைத் தின்று பொடிக் காலனியாக வந்து நிற்கும். எண்ணிக்கை கெட்டுவிடும்.

எண்ணும்_எழுத்தும்

நான் மாதிரியமைப்பு பக்கத்திலிருந்து. இந்தக் கூட்டுக்கு ஒரு அழகான சூத்திரம் உண்டு, சமன்பாடு இல்லாமல் சொல்கிறேன்.

லூசின் ரகத்தின் ஒரு செல் ஒரு மணி நேரத்தில் வெளியே விடும் லைசினை எடுங்கள். லைசின் ரகத்தில் ஒரு புது செல் உருவாக எவ்வளவு லைசின் தேவையோ அதனால் வகுங்கள். இது லைசின் எண். மறுபக்கத்துக்கும் இதேபோல் லூசின் எண். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கூட்டு வளரும் வேகம் வரும். லூசின் எண்ணை லைசின் எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், லூசின் ரகம் மற்றதைப் போல எத்தனை மடங்கு என்பது வரும்.

உங்கள் பத்து மடங்கு நிலைத்த விகிதம்தான் என்றால், லூசின் எண் லைசின் எண்ணைவிட நூறு மடங்கு பெரியது. லைசின் கசிவை நான்கு மடங்கு ஆக்கினால் கூட்டின் வேகம் இரண்டு மடங்காகும், விகிதமும் பத்திலிருந்து ஐந்துக்கு இறங்கும். வேகத்தைப் பொறுத்தவரை எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் ஒன்றுதான், மடங்குதான் கணக்கு. ஆனால் பஞ்சமான பக்கத்தில் கூட்ட இடம் அதிகம்.

செல்கள் சாகும் வேகத்தை இதிலிருந்து கழிக்க வேண்டும், நீங்கள் நீர்க்கும் வேகத்தையும்தான். கழித்த பிறகு மீதி எதிர்மறையானால் கூட்டு அழியும். எந்த மரபணு என்ற கேள்விக்கு முன்னால் இந்தக் கழித்தல் வருகிறது.

சந்தேகி

எல்லாம் சரி, அடிப்படைக் கேள்வி ஒன்று. எதற்கு இரண்டு? ஒரே செல்லில் வேண்டிய மரபணுக்களை எல்லாம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் உருவாகும் பொருள் ஒரு செல்லிலிருந்து வெளியே வந்து, ஊடகத்தில் கரைந்து, இன்னொரு செல்லுக்குள் போக வேண்டும். வழியிலேயே பாதி வீண். லிங்சாங் யூ குழுவினர் 2018-ல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வேலையைப் பிரித்தால் லாபம் என்பது எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. ஒரு செல்லால் சுமக்க முடியாத பாரம் இருக்க வேண்டும், இடைப்பொருளும் சுவரைச் சுலபமாகத் தாண்ட வேண்டும். மற்ற இடங்களில் தனி ரகமே ஜெயிக்கிறது. மாணவர்கள் புதுமைக்காக இதில் இறங்கி ஓராண்டை இழப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தத்தில் கேட்கிறேன்.

பிளாண்ட்_ஷிப்ட்

நொதித்தல் ஆலையில் வேலை செய்கிறேன். சந்தேகி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிப் பாதிக்கு என்னிடம் ஒரு எதிர்ச்சான்று இருக்கிறது.

முதலில் உடன்படும் பாதி. நூறு கன மீட்டர் தொட்டி என்றால் பத்து கோடி மில்லிலிட்டர். நன்றாக வளர்ந்தால் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி செல்கள். பெருக்கினால் ஒன்றுக்குப் பின் 18 பூஜ்யம். ஒற்றைக் காலனியின் ஒரு செல்லிலிருந்து அங்கே போக சுமார் 60 இரட்டிப்புகள். அந்த 60 தலைமுறையில் உற்பத்தியைக் கைவிட்ட ஒரு செல் பிறந்தால் பாரம் இல்லாமல் வேகமாகப் பெருகிவிடும். மெவலோனிக் அமிலம் தயாரிக்கும் இ.கோலையில் இதை 2018-ல் காட்டினார்கள். டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உற்பத்தி மரபணுக்களுக்குள் புகுந்து உடைத்தன, சுமார் 70 தலைமுறைக்குள் உற்பத்தி நின்றது. இது தனி ரகத்தின் கதை. இரண்டு ரகம் என்றால் இரண்டு பக்கமும் காவல் காக்க வேண்டும்.

எதிர்ச்சான்று வைட்டமின் சி. சீனாவில் 1970-களில் உருவான இரண்டு கட்ட நொதித்தல் முறையில்தான் உலகின் வைட்டமின் சி-யில் பெரும்பகுதி தயாராகிறது. இரண்டாம் கட்டத்தில் இரண்டு பாக்டீரியாக்கள் ஒரே தொட்டியில் இருக்கும். சார்போஸ் என்ற சர்க்கரையை, வைட்டமின் சி-க்கு முந்தைய பொருளான 2-கீட்டோ குலோனிக் அமிலமாக மாற்றுவது கீட்டோகுலோனிசிஜீனியம் வல்காரே. அதைத் தனியாக விட்டால் தள்ளாடும், பல அமினோ அமிலங்களை அதனால் தயாரிக்க முடியாது. பேசில்லஸ் மெகாடீரியம் கூட இருந்தால்தான் நன்றாக வளர்ந்து வேலை செய்கிறது. மெகாடீரியம் அந்த அமிலத்தைத் தயாரிப்பதே இல்லை, துணைக்கு இருக்கிறது. ஆய்வகத் தட்டில் மட்டும் நடக்கும் கதை இல்லை இது, டன் கணக்கில் நடக்கிறது.

சந்தேகி

வைட்டமின் சி-யை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே கூட்டை யாரும் வடிவமைக்கவில்லை. வேலை செய்யும் ஜோடி கிடைத்தது, வைத்துக்கொண்டார்கள். வரைபடம் போட்டுக் கட்டிய கூட்டு வெற்றி பெற்றதற்கு ஒன்று சொல்லுங்கள்.

நொதிமேடை

எம்ஐடியில் கிரெகரி ஸ்டெஃபானோபூலோஸ் குழுவினர் 2015-ல் செய்தது. புற்றுநோய் மருந்து பாக்லிடாக்சலுக்குப் போகும் பாதையின் தொடக்கப் படிகளை இரண்டு உயிர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாதையின் இடைப்பொருளான டாக்ஸடையீனைச் செய்வது இ.கோலை, அதற்கு அது கைவந்த கலை. அதில் ஆக்சிஜன் ஏற்றும் நொதிகள் செல்லுக்குள் சவ்வு அமைப்புகளைக் கேட்கும் வகை, ஈஸ்டில்தான் நன்றாக இயங்கும். டாக்ஸடையீன் சவ்வைச் சுலபமாகத் தாண்டும். நீங்கள் சொன்ன இரண்டு நிபந்தனைகளும் பொருந்துகின்றன.

எனக்கு இதில் பிடித்தது உணவை அவர்கள் மாற்றிய விதம். குளுக்கோஸ் கொடுத்தபோது ஈஸ்ட் எத்தனால் செய்தது, எத்தனால் இ.கோலையை முடக்கியது. குளுக்கோஸை எடுத்துவிட்டு சைலோஸ் வைத்தார்கள். அந்த ஈஸ்டால் சைலோஸைத் தின்ன முடியாது. இ.கோலை தின்று அசிட்டேட் விடும், அசிட்டேட் சேர்ந்தால் அதற்கே விஷம். ஈஸ்ட் அந்த அசிட்டேட்டைத் தின்று வாழ்கிறது, அசிட்டேட்டைத் தின்னும்போது எத்தனாலும் செய்வதில்லை. ஒரு சர்க்கரையை மாற்றியதில் போட்டியாளர்கள் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். ஆக்சிஜன் ஏறிய டாக்ஸேன்கள் லிட்டருக்கு 33 மில்லிகிராம் கிடைத்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் வந்த டிரைக்கோடெர்மா ரீசை, இ.கோலை கூட்டும் இருக்கிறது. பூஞ்சை சோளத்தட்டையைச் சர்க்கரையாக உடைக்கிறது, இ.கோலை அந்தச் சர்க்கரையை ஐசோபியூட்டனால் ஆக்குகிறது. லிட்டருக்கு 1.88 கிராம் வரை எடுத்தார்கள்.

சந்தேகி

சைலோஸ் விஷயம் நன்றாக இருக்கிறது. அதை ஏற்கிறேன்.

லைசின்_தேடி

அக்கா, ஐந்தில் ஒன்றாக மாற்றினேன். கூட்டு நிற்கிறது! ஒவ்வொரு மாற்றத்திலும் ஓடி பழைய அளவுக்குத் திரும்புகிறது. வேண்டுமென்றே லைசின் ரகத்தை அதிகமாகப் போட்டு ஆரம்பித்த குடுவையும், லூசின் ரகத்தை அதிகமாகப் போட்டதும், போகப்போக ஒரே விகிதத்துக்கு வருகின்றன.

லைசின் கசிவை எப்படிக் கூட்டுவது? அப்புறம் உண்மையான ஏமாற்றுக்காரர்கள் வந்தால் என்ன செய்வது?

நொதிமேடை

விகிதம் தானாகத் திருந்துவதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். எது குறைவாக இருக்கிறதோ அதற்குத் தலைக்கு அதிகமாகக் கிடைக்கும், அது வேகமாக வளரும். வென்யிங் ஷோ, ஸ்ரீ ராம், ஹோசே விலார் மூவரும் 2007-ல் ஈஸ்டில் கட்டிய காஸ்மோ கூட்டில் இதைத்தான் காட்டினார்கள். சிவப்பாக ஒளிரும் ரகம் அடினின் கேட்கும், லைசின் விடும். மஞ்சளாக ஒளிரும் ரகம் லைசின் கேட்கும், அடினின் விடும். ஆரம்ப விகிதம் எதுவானாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. மொத்த செல்கள் ரொம்பக் குறைவாக இருந்தால் மட்டும் கூட்டு எழவில்லை. உதவி வந்து சேரும் முன் பட்டினியில் செத்துவிடும்.

இந்தக் கூட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே குழு 2019-ல் மாதிரியையும் அளவீட்டையும் பொருத்திப் பார்த்தது, பொருந்தவில்லை. தோண்டினால், மஞ்சள் ரகம் வெளியே விட்டது அடினினே இல்லை, ஹைப்போஸாந்தின். சிவப்பு ரகம் அதைத் தின்றுதான் வளர்ந்துகொண்டிருந்தது. அவர்களே கையால் கட்டிய கூட்டு, நடுவில் கைமாறும் பொருள் தெரிய 12 ஆண்டுகள் ஆனது. அதனால் உங்கள் குடுவையில் கைமாறுவது லைசின், லூசின் என்று எழுதும் முன் ஊடகத்தை வடிகட்டி அளந்துவிடுங்கள். ஆய்வேட்டில் அந்த ஒரு பக்கம் மற்றதை எல்லாம் தாங்கும்.

லைசினைக் கூட்ட பழைய வழி ஒன்று உண்டு: தையாலைசின். லைசினைப் போலவே இருக்கும் போலிப் பொருள். செல் அதை லைசின் என்று நம்பிப் புரதத்தில் சேர்த்துக் கெடும். போதுமான லைசின் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தன் உற்பத்தியையும் நிறுத்தும். பிழைக்கும் செல்களில் சில, அந்த நிறுத்தும் பூட்டு உடைந்தவை. லைசின் நிறைய இருந்தாலும் தயாரித்துக்கொண்டே இருக்கும், உபரி வெளியே வரும். இந்தத் தேர்வை லூசின் ரகத்தில் செய்யுங்கள், லைசின் கொடுப்பது அதுதானே. தட்டில் எம்9, லூசின், தையாலைசின்.

ஆனால் பிழைத்த எல்லாமே வள்ளல்கள் இல்லை. தையாலைசினை உள்ளே விடும் கதவை மூடிக்கொண்டவையும் பிழைக்கும். பிரித்தறிய, லைசின் ரகத்தை மென் அகாரில் (இளகிய கூழ்) கலந்து, லைசின் இல்லாத, லூசின் உள்ள தட்டில் ஊற்றுங்கள். மேலே ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஒரு பொட்டு வையுங்கள். மறுநாள் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சில பொட்டுகளைச் சுற்றி வெண்புகை மாதிரி ஒரு வளையம் தெரியும். லைசின் ரகம் அங்கே மட்டும் வளர்ந்திருக்கும். வளையம் அகலமாக இருக்கும் பொட்டை எடுங்கள். வளையம் இல்லாதவை கதவை மூடிய கூட்டம்.

ஏமாற்றுக்காரர்கள் பற்றி இரவில் எழுதுகிறேன். அது பெரிய விஷயம்.

வரப்பு

விவசாயப் பட்டதாரி. இடையில் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் சேர்த்து வயலில் போடுகிறோம். அதுவும் இப்படி ஒரு கூட்டுதானா? அப்புறம், வடிவமைத்த கூட்டு மண்ணுக்குள் போனால் ஒன்றையொன்று நம்பி இருப்பதால் வெளியே பரவாது என்று சொல்கிறார்களே, உண்மையா?

நொதிமேடை

முதல் கேள்விக்கு: இரண்டும் செடிக்குத் தனித்தனி வேலை செய்கின்றன, ஒன்று தழைச்சத்துக்கு, மற்றது மணிச்சத்துக்கு. ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது வாழும். சேர்ந்து இருப்பதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது: அமினோ அமிலத்தை மட்டும் நம்பிக் காவல் போட முடியாது. மண்ணில், சாணத்தில், குடலில் எல்லாம் லைசின் கிடைக்கும். அங்கே போனால் கூட்டாளி இல்லாமலே வாழும். ஜார்ஜ் சர்ச் குழு 2015-ல் இயற்கையில் இல்லாத ஒரு அமினோ அமிலத்தை நம்பி வாழும் இ.கோலையைச் செய்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதைக் கொடுக்காவிட்டால் தப்பிக்கும் செல்கள் கண்டறியும் அளவுக்கும் கீழே இருந்தன.

நொதிமேடை

சரி, ஏமாற்றுக்காரர்கள்.

லைசின் ரகத்தில் லூசினைக் கொஞ்சமும் வெளியே விடாத ஒரு செல் பிறக்கிறது என்று வையுங்கள். லைசினைத் தின்னும், திருப்பித் தராது. கொடுக்கும் செலவு அதற்கு மிச்சம். நன்றாகக் குலுக்கிய குடுவையில் எல்லாருக்கும் ஒரே லைசின்தான் கிடைக்கும், அதனால் ஓசியில் தின்பவன் முந்துவான். அவன் பெருகப் பெருக லூசின் குறையும், லூசின் ரகம் சரியும், லைசின் நிற்கும். கடைசியில் ஓசியும் சேர்ந்து சாகும். எந்த மரபணுவை மாற்றினாலும் குலுக்கிய குடுவையில் இந்த வாசல் திறந்தேதான் இருக்கிறது. மரபணுவைவிட அவை வாழும் இடத்தை வடிவமைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வில்லியம் ஹார்கோம் 2010-ல் காட்டியதைப் பாருங்கள். மெத்தியோனின் தயாரிக்க முடியாத இ.கோலை, கூட ஒரு சால்மொனெல்லா. உணவு லாக்டோஸ். சால்மொனெல்லாவால் லாக்டோஸைத் தின்ன முடியாது, இ.கோலை விடும் கழிவைத் தின்கிறது. பதிலுக்கு மெத்தியோனின் கொடுக்கும் சால்மொனெல்லாவும் இருக்கிறது, கொடுக்காததும் இருக்கிறது. கொடுப்பதற்குச் செலவு உண்டு. குடுவையில் கொடுக்காதது ஜெயித்தது. அகார் தட்டில் கொடுப்பது ஜெயித்தது. மரபணு இரண்டிலும் ஒன்றேதான். தட்டில், கொடுப்பவரின் பக்கத்தில் இருக்கும் இ.கோலை செழிக்கிறது, அந்தச் செழிப்பின் கழிவு முதலில் கொடுத்தவருக்கே வருகிறது. குடுவையில் அது எல்லாருக்கும் போகிறது.

சிகாகோவில் ருஸ்டெம் இஸ்மாகிலோவ் குழு 2008-ல் மூன்று மண் பாக்டீரியாக்களை எடுத்தது. ஒன்று நைட்ரஜனைப் பிடித்துத் தரும், ஒன்று பென்சிலினை உடைக்கும், ஒன்று செல்லுலோஸ் வகைப் பொருளைச் சர்க்கரை ஆக்கும். மூன்றும் மற்ற இரண்டின் தயவில்தான் இருக்கின்றன. சோதனைக் குழாயில் கலந்துவிட்டால் கூட்டு நிற்கவில்லை. நுண்கால்வாய்க் கருவியில் தனித்தனிச் சிறு அறைகளில், வேதிப்பொருள் மட்டும் போய்வரும்படி பிரித்து வைத்தபோது மூன்றும் நிலைத்தன. அறைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் முடிவு செய்தது. மரபணு மாற்றமே இல்லாத சாதாரண மண் பாக்டீரியாக்கள் அவை.

ஷோ ஆய்வகத்தில் பாபக் மோமெனி 2013-ல் செய்ததை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஈஸ்ட் கூட்டை அகார் மேல் வளர்த்து, உறையவைத்து, செங்குத்தாக மெல்லிய சீவல்களாக அறுத்து ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கொடுத்து வாங்கும் இரண்டு ரகங்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. ஓசி ரகம் அந்தப் பின்னலில் சேர முடியாமல் ஒதுங்கிக் கிடந்தது. யாரும் அப்படி அடுக்கவில்லை. கொடுக்கும் செல்லின் பக்கத்தில் கூட்டாளி செழிக்கிறது, கூட்டாளியின் பக்கத்தில் கொடுப்பவர் செழிக்கிறார். கொடுக்காதவரைச் சுற்றி யாரும் செழிப்பதில்லை, அவ்வளவுதான்.

எண்ணும்_எழுத்தும்

தட்டு மட்டும்தான் வழி என்றில்லை. திரவத்திலும் கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கலாம். சுவாங், ரிவுவார், லைப்லர் 2009-ல் செய்தது இது. கொடுக்கும் ரகமும் ஓசி ரகமும் வெவ்வேறு விகிதத்தில் உள்ள பல குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கொடுப்பவர்களின் பங்கு குறைந்தது. ஆனால் எல்லாக் குழாய்களையும் ஒன்றாக ஊற்றி எண்ணினால் கொடுப்பவர்களின் பங்கு கூடியிருந்தது. கொடுப்பவர்கள் அதிகமுள்ள குழாய் மற்றதைவிடப் பல மடங்கு வளர்ந்ததால், மொத்தக் கணக்கில் அந்தக் குழாயின் குரல்தான் ஓங்கியது. இந்த வகைக் கணக்குக்கு சிம்ப்சன் முரண் என்று பெயர்.

உங்களிடம் 96 குழித் தட்டு இருக்கும். ஒவ்வொரு குழியிலும் மிகச் சில செல்களோடு ஆரம்பித்து, வளர்ந்ததும் எல்லாவற்றையும் கலந்து, மறுபடி குழிகளுக்குப் பிரியுங்கள். செல்கள் குறைவாக இருந்தால்தான் குழிக்குக் குழி விகிதம் வேறுபடும். அந்த வேறுபாடு இல்லையென்றால் இந்த வழி வேலை செய்யாது.

பிளாண்ட்_ஷிப்ட்

சிக்கல் என்னவென்றால், மிகச் சில செல்களோடு ஆரம்பித்தால் பட்டினியில் கூட்டே எழாது என்று நொதிமேடை மேலே சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் முட்டுகிறதே?

எண்ணும்_எழுத்தும்

நல்ல கேள்வி. பட்டினி முடிவு செய்வது அடர்த்தி, குழிக்குக் குழி வேறுபாட்டை முடிவு செய்வது எண்ணிக்கை. குழியின் கன அளவைக் குறைத்தால் எண்ணிக்கை குறைந்தும் அடர்த்தி குறையாமல் இருக்கும். 96-க்குப் பதில் 384 குழி, அல்லது எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகள். மாணவருக்கு 384 போதும்.

நொதிமேடை

ஆமாம். தட்டோ துளியோ வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஆடம் வைட், வென்யிங் ஷோ 2012-ல் காஸ்மோவில் ஓசி ரகத்தையும் சேர்த்து, நன்றாகக் கலந்த திரவத்திலேயே வளர்த்தார்கள். ஒரே மாதிரி ஆரம்பித்த குழாய்களில் சிலவற்றில் ஓசி ரகம் கூட்டைக் கவிழ்த்தது, சிலவற்றில் கொடுக்கும் ரகம் ஓசியைத் துடைத்தெறிந்தது. லைசின் பஞ்சம் எல்லாருக்கும் புதுச் சூழல். அந்தப் பஞ்சத்துக்கு ஏற்ற நல்ல சடுதிமாற்றம் கொடுப்பவரில் முதலில் வந்தால் கொடுப்பவர் பிழைத்தார், ஓசியில் வந்தால் ஓசி. சூழல் கடுமையாக இருந்ததால் அந்த மாற்றத்தின் லாபம், கொடுப்பதன் செலவைவிடப் பெரிதாக இருந்தது. இது நம்பி இறங்கக்கூடிய வழி இல்லை, ஆனால் ஒரே ஒரு குடுவையை வைத்து முடிவு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. இணைக் குடுவைகள் நிறைய வையுங்கள்.

வரப்பு

அவரையிலும் சோயாவிலும் வேர் முடிச்சு இருக்கிறதே, அங்கே செடியே தண்டிக்கிறது என்று படித்தது நினைவு.

நொதிமேடை

சரியாகச் சொன்னீர்கள். டோபி கியர்ஸ், ஃபோர்ட் டெனிசன் குழுவினர் 2003-ல் சோயாவில் காட்டியது. முடிச்சைச் சுற்றி நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை வைத்தார்கள், பாக்டீரியாவால் நைட்ரஜன் பிடிக்க முடியவில்லை. அந்த முடிச்சுகளில் பாக்டீரியா குறைவாகப் பெருகியது. முடிச்சுக்குப் போகும் ஆக்சிஜனைச் செடி குறைப்பதற்கான அடையாளங்களும் தெரிந்தன. முடிச்சு என்பதே ஒரு தனி அறை, அதனால்தான் யார் கொடுக்கிறார், யார் கொடுக்கவில்லை என்று பிரித்துத் தண்டிக்க முடிகிறது. எல்லாப் பாக்டீரியாவும் வேருக்கு வெளியே ஒரே குளமாக இருந்திருந்தால் அது நடக்காது.

சந்தேகி

அப்படியானால் லைசின்_தேடியின் ப்ராஜெக்டுக்கு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது. புது மரபணு தேடுவதை விட்டுவிட்டு, இருக்கும் அதே இரண்டு ரகங்களைக் குடுவையிலும் தட்டிலும் வைத்து, ஓசி ரகம் ஒன்றை வேண்டுமென்றே சேர்த்து ஒப்பிடலாம். மாணவர் கையிலிருக்கும் வசதிக்குள் அடங்கும். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

லைசின்_தேடி

வழிகாட்டியிடம் நீர்த்தல் கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார். குடுவை, தட்டு ஒப்பீட்டுக்கும் சரி என்றார். தையாலைசின் தட்டிலிருந்து எடுத்த காலனிகளில் சிலவற்றைச் சுற்றி வளையம் வந்திருக்கிறது, அகலமானதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள். ஓசி ரகத்துக்கு எதை எடுப்பது? லைசினும் லூசினும் இரண்டும் தயாரிக்க முடியாத ரகம் சரியாக வருமா? அப்புறம் தட்டில் வளர்ந்த கூட்டத்தை எப்படி எண்ணுவது, அகாரோடு ஒட்டியிருக்கிறதே?

நொதிமேடை

இரண்டும் தயாரிக்காத ரகம் வேண்டாம். அது லூசினையும் தின்னும், அதனால் முந்தினாலும் பிந்தினாலும் காரணம் கலங்கிவிடும். லைசின் ரகத்திலேயே லூசின் பாதையின் தொடக்கத்தில் இருக்கும் லியூஏவை நீக்கினாலும் இதே சிக்கல்தான். எளிய வழி மறுபக்கத்திலிருந்து வருகிறது. உங்களிடம் இப்போது லூசின் ரகத்தில் இரண்டு வகை இருக்கின்றன: தையாலைசினில் கிடைத்த வள்ளல், அதன் தாய் ரகம். லூசின் தேவை இரண்டுக்கும் ஒன்றே, லைசின் கொடுப்பதில் மட்டும்தான் வித்தியாசம். தாய் ரகம் ஓரளவு கசியவிடும் என்றாலும் வள்ளலோடு ஒப்பிட்டால் ஓசிதான். அந்த இரண்டையும் லைசின் ரகத்தோடு சேர்த்துப் போட்டியிட விடுங்கள். தையாலைசின் தட்டில் வள்ளல் மட்டும் வளரும் என்பதால் எண்ணுவதும் சுலபம். அதற்கு முன் லைசினும் லூசினும் தாராளமாகக் கொடுத்து, வள்ளலும் தாயும் தனியாக எவ்வளவு வேகத்தில் வளர்கின்றன என்று அளந்து வையுங்கள். கொடுப்பதன் செலவு அந்த வித்தியாசத்தில்தான் தெரியும்.

தட்டை எண்ண, அகாருக்கு மேல் ஒரு நைட்ரோசெல்லுலோஸ் சவ்வை விரித்து அதன் மேல் கூட்டை வையுங்கள். உணவு சவ்வின் வழியே ஏறும், செல்கள் மேலேயே இருக்கும். வளர்ந்ததும் சவ்வை இடுக்கியால் எடுத்து உப்புக் கரைசலில் போட்டு வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்கினால் எல்லாம் கழன்று வரும். பிறகு வழக்கம்போல நீர்த்துத் தட்டில் பரப்புங்கள். குடுவைக்கும் சவ்வுக்கும் ஒரே கலவையிலிருந்து, ஒரே நாளில் ஆரம்பியுங்கள்.